ஐம்பத்தஞ்சு செல்

ஈட்டிப்பள்ளம் பவர்ஹவுசுக்குத்தானுங்க போறீங்க? எப்படிக் கண்டுபிடிச்சேன்னு பாக்கறீங்களா. மடியில வெச்சிருக்கற டெண்டர் கட்டைப் பாத்தாத் தெரியாதுங்களா. இருவத்தஞ்சு வருசம் அந்தக் காகிதத்தோடதான் நான் குடும்பம் நடத்துனேன். முதல் பக்கத்துல கையெழுத்து, கடைசிப் பக்கத்துல சீலு, நடுவுல யாரும் படிக்காத நாப்பது பக்கம். நீங்க படிக்கறீங்க போலிருக்குது, பென்சில்ல கோடெல்லாம் போட்டிருக்கீங்க. படிங்க, படிங்க.

சித்த நகந்து உக்காருங்க. அந்த ஜன்னலோரம் எனக்குக் குடுத்தீங்கன்னாப் புண்ணியமாப் போகும். கல்லாறு தாண்டி மலை ஏற ஆரம்பிச்சா எனக்குக் காத்து வேணும்.

மூணாம் நம்பர் மெசினுக்குப் பிரேக்கர் மாத்தற வேலைதான அது? ஒண்ணாம் நம்பரும் ரெண்டாம் நம்பரும் மாத்துனது யாருன்னு அதுல போட்டிருக்காது. போடமாட்டாங்க. நான்தானுங்க மாத்துனேன். அர்த்தநாரி எலக்ட்ரிகல்ஸ், மேட்டுப்பாளையம். இப்ப அந்த போர்டு இல்ல, கழட்டியாச்சு. எந்த டெண்டரும் போடக்கூடாதுன்னு அஞ்சு வருசம் ஒதுக்கி வெச்சிருக்காங்க. அதுக்குத்தான் இப்ப குன்னூருக்கு மனுவைத் தூக்கிட்டுப் போறேன், ஒம்பதாவது தடவையா.

நீங்க எடத்தைப் பாக்கப் போறீங்க, தாராளமாப் பாருங்க. மெசின் நல்ல மெசின். ஆனா அங்க ஒரு பொம்பளை இருக்கறா. பிரிசில்லான்னு பேரு, நாகர்கோயிலுப் பக்கம். இன்னைக்கு உங்களைச் சுத்திக் காட்டப் போறதே அவதான். போன மாசந்தான் புரமோசனோட திரும்பி வந்திருக்கறா. அவளைப் பத்தித் தெரிஞ்சுட்டுப் போங்க. எனக்கு யாரும் சொல்லலீங்க. யாராச்சும் ஒரு ஆளு இப்படி பஸ்ல உக்காந்து சொல்லியிருந்தா என் பொழப்பு இந்தக் கதிக்கு வந்திருக்காது.

மொத நாளே எனக்குப் புரிஞ்சிருக்கணும். வேலை ஆரம்பிக்கறோம், மரியாதைக்கு ஒரு கிலோ மைசூர்பா வாங்கிட்டுப் போனேன். மேசையில ஒரு பொம்பளை உக்காந்து என்னமோ எழுதிட்டிருக்குது. 'அம்மணி, இன்ஜினியர் சார் இருக்காருங்களா?'ன்னேன். தலை தூக்கிப் பாத்தா. 'சொல்லுங்க சார், இந்த வேலைக்கு இன்ஜினியர் நான்தான்'னா. நான் சிரிச்சேன். தப்பா ஒண்ணும் சிரிக்கலீங்க, சும்மா, மனுசன் சிரிக்கறதுதான. அவ சிரிக்கல. பொட்டியை நீட்டுனேன். 'கேட்டுல குடுத்துருங்க, ஷிப்ட்டுல இருக்கறவங்க சாப்பிடுவாங்க'ன்னுட்டு மறுபடி எழுத ஆரம்பிச்சுட்டா. வாட்ச்மேனுக்குப் போச்சுங்க என் மைசூர்பா. அன்னைக்கே மனசுல முள்ளு.

அப்பறம் ஒவ்வொரு நாளும் ஒரு சண்டை. எர்த் பட்டைக்கு போல்ட்டு முறுக்கினது பத்தாதுங்கறா. அளவுமானி வெச்ச ஸ்பேனர் கொண்டாங்கறா. என் ஆளு இருசப்பன் இருவத்திரெண்டு வருசமா கையாலயே முறுக்கறவன், அவன் கைதான் அளவு. 'அவரு கை நல்ல கைதான் சார், ஆனா பேப்பர்ல கையின்னு எழுத முடியாது'ங்கறா. இருசப்பன் பல்லைக் காட்டறான். என் ஆளு, நான் சோறு போட்டு வளத்த ஆளு, அவ சொன்னதுக்குப் பல்லைக் காட்டறான். ஸ்பேனர் வாங்கிக் குடுத்தேன். எந்த ஒயர் எதுன்னு தெரியறதுக்குக் கேபிள்ல நம்பர் மோதிரம் போடலைன்னு ரெண்டு நாள் நிறுத்துனா. போட்டேன். அதெல்லாம் சரி, பொறுத்துக்கிட்டேன். பேட்டரியிலதான் என்னைக் கவுத்தா.

உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்ல, இருந்தாலும் சொல்றேன். பிரேக்கருங்கறது வீட்டு மெயின் ஸ்விட்ச் மாதிரி, பீரோ கணக்கா ஒரு பேனலுக்குள்ள இருக்கும். வெளிய லைன்ல எங்கியாச்சும் பழுதுன்னா அது படார்னு விழுந்து, கரண்டு எடுக்கற மெசினைக் காப்பாத்தணும். அது விழறதுக்குத் தெம்பு குடுக்கறது பேட்டரி. பவர்ஹவுசுல கரண்டே செத்தாலும் பேட்டரி உசுரோட இருக்கணும். ஒரு ரூம் நெறைய அம்பத்தஞ்சு செல்லு, ஒவ்வொண்ணும் தண்ணிக் கொடம் ஒசரத்துக்கு. பிரேக்கரோட அதையும் மாத்தணும்னு டெண்டர்ல இருக்குது.

நான் போட்ட செல்லு புதுசுங்க. என் பொண்ணு மேல சத்தியமாப் புதுசு. சிங்காநல்லூர்ல ஒருத்தன் வேற ஒரு வேலைக்குன்னு வாங்கி, அந்த வேலை நின்னு போயி, பொட்டி பிரிக்காம குடோன்ல வெச்சிருந்தான். ஒரு கை படல. ஆறு வருசம் இருந்துச்சு, அவ்வளவுதான். பட்டுச்சேலையை ஆறு வருசம் பீரோவுல வெச்சா அது பழைய சேலைங்களா? தேதி மட்டும் கண்ணை உறுத்தும்னு லேபிளை மாத்துனேன். அதைப் போயி மோசடிங்கறாங்க.

சார்ஜ் போட்டோம், எல்லாம் ஜம்முனு நின்னுது. பத்து மணி நேரம் லோடு குடுத்து, தாங்குதான்னு பாக்கணும்னு அவ சொன்னா. எந்த ஊர்லீங்க அப்படிப் பாக்கறாங்க? ரெண்டு மணி நேரம் பாப்பாங்க, மீதியைக் கணக்குப் போட்டு எழுதிக்குவாங்க. நான் நயமாத்தான் சொன்னேன்.

'மேடம், பத்து மணி நேரம் இந்த ஆசிட் நாத்தத்துல யாருங்க உக்காந்து ரீடிங் எடுப்பாங்க?'

'நான் எடுக்கறேன் சார்.'

எடுத்தா. காலையில ஆறு மணிக்கு ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலைப் போட்டு உக்காந்தவ, மூக்குல துணியைக் கட்டிட்டு, ஒவ்வொரு செல்லா மீட்டரை வெச்சு அரை மணிக்கொரு தடவை எழுதறா. இருசப்பன் அவளுக்கு டீ வாங்கிட்டுப் போறான். கூடவே நின்னு நம்பர் வேற சொல்லித் தர்றான். மத்தியானம் ஒரு மணிக்கு நான் எட்டிப் பாத்தப்ப அந்த நோட்டுல சிவப்பு மையில வட்டம் போட ஆரம்பிச்சிருந்தா. பதினொரு செல்லு படுத்துருச்சு. நாலு மணிக்கு வெளிய வந்து, 'இந்த பேட்டரி வேண்டாம் சார். அம்பத்தஞ்சும் மாத்திருங்க'ன்னா.

பதினொண்ணு படுத்தாப் பதினொண்ணை மாத்தறது ஞாயம். மாத்துனேன். அதே குடோன்ல இன்னும் இருந்துச்சு. அதையும் தட்டிட்டா. 'லேபிளைச் சுரண்டிப் பாத்தேன் சார், கீழ வேற தேதி இருக்குது'ங்கறா. ஒரு அதிகாரி பண்ற வேலைங்களா இது, நகத்தால லேபிளைச் சுரண்டறது?

ரெண்டு மாசம் வேலை நின்னு போச்சு. மழைக்கு முன்னாடி முடிக்கணும்னு மேல இருந்து எனக்கு நோட்டீஸ். அவளுக்கு இல்ல, எனக்கு. அதுக்கு மேல நான் என்னதானுங்க செய்வேன்? மனுப் போட்டேன்.

ஆமாங்க, பேரில்லாத மனுதான். மொட்டைக் கடுதாசின்னு சொல்லிக்குங்க, எனக்கொண்ணும் வெக்கமில்ல. பேர் போட்டு எழுதுனா நாளைக்கு வேலை செய்ய விடுவாங்களா? கமிசன் கேக்கறா, குடுக்காததுனால நிறுத்தி வெச்சிருக்கறான்னு எழுதுனேன். அவ கேக்கலதான். ஆனா கேக்காம எதுக்கு ஒருத்தி இவ்வளவு முட்டுக்கட்டை போடணும், அதையும் யோசிக்கணுமில்ல. அவ புருசன் கப்பல்ல வேலை, வருசத்துல எட்டு மாசம் கடல்ல. அதை வெச்சு ஒரு வரி சேத்தேன். அது கொஞ்சம் எச்சாப் போயிருச்சு, ஒத்துக்கறேன். ஆனா பொம்பளை அதிகாரி மேல போடற மனுவுல அந்த வரி இல்லாட்டி எவனும் படிக்கவே மாட்டான். நாலு காப்பி எடுத்தேன். மேலதிகாரிக்கு ஒண்ணு, விஜிலென்சுக்கு ஒண்ணு, சங்கத்துக்கு ஒண்ணு, குவார்ட்டர்சுல அவகூட இருந்த மாமியாருக்கு ஒண்ணு.

மாமியாருக்கு எதுக்குன்னு கேக்காதீங்க. கோவத்துல இருந்தேன்.

மூணே வாரம். விசாரணை முடியற வரைக்கும்னு சொல்லி ராமநாதபுரம் பக்கம் ஒரு ஸ்டோருக்குத் தூக்கியடிச்சாங்க. அவ ஒரு வார்த்தை எதுத்துக் கேக்கல பாருங்க. கோர்ட்டுக்குப் போலாம், சங்கத்துல போயி நிக்கலாம், ஒண்ணுமில்ல. சாமானை ஏத்திட்டுக் கெளம்பிட்டா. நான் அன்னைக்கு அங்கதான் இருந்தேன். ஜீப்புல முன்னாடி சீட்டுல அந்த மாமியார்க்காரி கேஸ் சிலிண்டரைக் காலுக்கு நடுவுல வெச்சுட்டு உக்காந்திருந்துச்சு. இவ எங்கிட்ட நேரா வந்தா. ரெண்டு திட்டு திட்டுவா, வாங்கிக்கலாம்னு நின்னேன்.

'சார், மனு யாரு எழுதுனதுன்னு எனக்குத் தெரியும். அது இருக்கட்டும். பேட்டரியை மட்டும் மாத்திருங்க. அந்த பேனல் முன்னாடி நிக்கப் போறது உங்க ஆளுதான்'னா.

போறப்பவும் திமிரைப் பாத்தீங்களா. எனக்கு உத்தரவு போட்டுட்டுப் போறா.

அப்பறம் அவ எடத்துக்கு வந்தாரு கமலக்கண்ணன் சாரு. தங்கமான மனுசன். ரிட்டயர்டு ஆக ஒம்பது மாசம் இருந்துச்சு, யாரையும் பகைச்சுக்க மாட்டாரு. என்னைப் பாத்ததும் எந்திரிச்சு நின்னு, 'வாங்க அர்த்தநாரி'ன்னு கையைப் புடிச்சாரு. அந்த ஒரு சொல்லுக்கே நான் அழுதிருப்பேன். பேட்டரி டெஸ்ட்டு வைக்கணுமில்லன்னு அவரே கேட்டாரு. வெச்சோம். ஒரு மணி நேரம். அதுலயும் அரை மணி நேரம் அவரு எங்கிட்ட சக்கரை வியாதிக்குப் பாவக்காய் நல்லதா வெந்தயம் நல்லதான்னு பேசிட்டிருந்தாரு. கையெழுத்துப் போட்டாரு. சித்திரை மாசம் ரெண்டு மெசினும் ஓடுச்சு. எல்லாருக்கும் பிரியாணி போட்டேன்.

இருசப்பன் அன்னைக்குச் சாப்பிடல. 'அண்ணா, அந்தப் பழைய செல்லு ரெண்டு மூணு சுடுதுங்ணா, கையை வெச்சுப் பாத்தேன்'னு வந்து நின்னான். 'கையெழுத்து ஆச்சுடா, இனி அது நம்ம பேட்டரி இல்ல, கவர்மெண்டு பேட்டரி. வாயை மூடிட்டுச் சாப்பிடு'ன்னேன். இவனுக்கு அவதான் இந்தப் பயத்தை ஏத்தி விட்டுட்டுப் போனது, வேற யாரு.

ஆடி மாசம். மேல நல்ல மழை, காத்துன்னாக் காத்து அப்படியொரு காத்து. ரெண்டாம் நம்பர் பேனல்ல ஒரு சிக்னல் லைட்டு எரியலைன்னு போன் வந்துச்சு. கேரண்டி நம்முதுதான, இருசப்பனை அனுப்புனேன். அற்ப லைட்டுங்க, அரை மணி நேர வேலை. நான் இங்க மேட்டுப்பாளையத்துல ஒரு சீமந்தத்துல பந்தியில உக்காந்திருந்தேன். பாயாசம் வெச்ச நேரத்துல போன் அடிச்சுது.

லைன் மேல மரம் விழுந்திருக்குது. அந்த நேரத்துல பிரேக்கர் விழுந்திருக்கணும். விழல. பவர்ஹவுசுக்குள்ள லைட்டுக்கும் சார்ஜருக்கும் வர்ற கரண்டு செத்துப் போச்சு, பேட்டரிதான் தாங்கணும். அது ஒரு நிமிசம் கூடத் தாங்கலைங்கறாங்க. மெசினோ நிக்காம ஓடிட்டே இருக்குது, அத்தனை கரண்டும் போக எடமில்லாம அந்த பேனலுக்குள்ளயே வெடிச்சிருச்சு. இருசப்பன் கதவைத் தொறந்து வெச்சுட்டு லைட்டு ஒயரைப் புடிச்சுட்டு நின்னிருக்கறான். ஆபரேட்டர் ஒருத்தன் மேலெல்லாம் சாக்கைச் சுத்திட்டு உள்ள போயி இழுத்துட்டு வந்தானாம்.

உசுரு பொழச்சுட்டான். கோயமுத்தூர் ஆஸ்பத்திரியில வலது கையை முழங்கைக்கு மேல எடுத்துட்டாங்க. வலது கண்ணுலயும் பார்வை இல்ல. அவன் கைதான் அளவுன்னு சொன்னனில்லீங்களா.

சோடா வேணுங்களா? வேண்டாமா. அப்ப நான் குடிச்சுக்கறேன். இருக்கட்டும்.

விசாரணை கமிட்டி வந்துச்சு. மூணு பேரு. பழைய பைலைத் தொறந்தா, உள்ள அவ எழுதுன மூணு பக்கம். போற அன்னைக்கு எழுதி, நம்பர் போட்டு, பைலுக்குள்ள சொருகிட்டுப் போயிருக்கறா. எந்தெந்தச் செல்லு, எத்தனை மணிக்குப் படுத்துது, லேபிளுக்குக் கீழ என்ன தேதி, எல்லாம். கடைசியில ஒரு வரி, கமிட்டி ஆளு எனக்கு வாசிச்சே காட்டுனான்: 'இந்த மின்கலங்களை மாற்றாமல் இயந்திரத்தை இயக்கினால், பழுது நேரும்போது பிரேக்கர் விழாது, பேனல் முன் நிற்பவர் உயிருக்கு ஆபத்து.' அப்படியே கண்ணால பாத்த மாதிரி எழுதியிருக்கறா. இப்படி ஒரு சாபத்தை எழுதி வெச்சுட்டுப் போனா அது நடக்காம என்னங்க செய்யும்?

கமலக்கண்ணன் சாருக்கு ரிட்டயர்டு ஆகறதுக்குப் பதினெட்டு நாள் முன்னாடி சஸ்பென்சன். பாவம், இப்ப எதுக்க வந்தாக்கூட என்னைப் பாக்காம திரும்பிக்கறாரு. அவளுக்கு விசாரணை தள்ளுபடி, அப்பறம் புரமோசன்.

எனக்கு ஒரே ஒரு கேள்விதானுங்க. அந்தக் கமிட்டியிலயும் கேட்டேன். இவ்வளவு தெரிஞ்சவ எதுக்குப் போனா? ஒரு மொட்டைக் கடுதாசிக்குப் பயந்து எடத்தை விட்டுட்டுப் போறவ என்ன இன்ஜினியர்? அவ அங்கயே இருந்திருந்தா அந்தக் கையெழுத்து விழுந்திருக்குமா? விழுந்திருக்காது. அவளை எனக்குத் தெரியும், தலைகீழா நின்னாலும் போட்டிருக்க மாட்டா. நானும் ரெண்டு மாசம் முக்கி முனகிட்டுப் புது பேட்டரி வாங்கிட்டு வந்திருப்பேன். இருசப்பன் கை இருந்திருக்கும். இதைச் சொன்னா அந்த மூணு பேரும் ஒருத்தன் மூஞ்சியை ஒருத்தன் பாத்துட்டு, அடுத்த சாட்சியைக் கூப்பிடச் சொல்லிட்டானுங்க.

இருசப்பன் வீட்டுக்கும் போனேன். போகாம இருப்பனா? காரமடையில ரெண்டு ரூம் வீடு. இடது கையில டம்ளரைப் புடிச்சுக் காப்பி குடிக்கப் பழகிட்டிருந்தான். சிந்துது, தொடைக்கறான், மறுபடி எடுக்கறான். அவன் பொண்டாட்டி பாவாயி வாசப்படியிலயே நிக்குது, உக்காருங்கன்னு ஒரு வார்த்தை சொல்லல. நானே ஒரு சேரை இழுத்துப் போட்டு உக்காந்தேன். மனசு கேக்காம, 'எல்லாம் அந்தப் பொம்பளையாலடா'ன்னேன்.

இருசப்பன் டம்ளரைக் கீழ வெச்சான். 'அந்தம்மா போன வாரம் வந்துட்டுப் போனாங்கண்ணா'ன்னான்.

எங்கிருந்து? ராமநாதபுரத்துல இருந்து, மூணு பஸ்ஸு மாறி. இவளை யாருங்க கூப்பிட்டது? நான் கேட்டேன், என்னடா சொன்னா, என்னைப் பத்தி என்ன சொன்னான்னு.

'உங்களைப் பத்தி ஒண்ணுமே பேசலீங்ணா. இந்தத் தோளைப் புடிச்சுட்டு அழுதாங்க. நான் இன்னுஞ் சத்தமாச் சொல்லியிருக்கணும், எழுதி வெச்சுட்டு வந்தது பத்தலைன்னு சொல்லிச் சொல்லி அழுதாங்க.'

பாத்தீங்களா. அவளே ஒத்துக்கறா. நான் என்ன சொல்றனோ அதையேதான் அவளும் சொல்லியிருக்கறா. இதைக் கமிட்டியில வந்து சொல்லச் சொல்லுங்க, பாக்கலாம்.

நான் அதை எடுத்துச் சொல்லிட்டிருக்கறப்பவே பாவாயி உள்ள வந்துச்சு. என் சேருக்கு முன்னாடி நின்னுட்டு, 'போதுங்க, எந்திரிங்க'ன்னுச்சு. இருவத்திரெண்டு வருசமா என்னைப் பாத்தாத் தலைக்கு முக்காடு போட்டுட்டு ஒதுங்கி நின்ன பொம்பளைங்க அது. நான் இருசப்பனைப் பாத்தேன், நீ ஏதாச்சும் சொல்லுடான்னு. அவன் ஒத்தைக் கண்ணால என்னைப் பாத்து, ரொம்ப மரியாதையாத்தான், 'இனிமே இந்தப் பக்கம் வராதீங்கண்ணா. கொழந்தைங்க பயப்படறாங்க'ன்னான்.

என்னைப் பாத்துக் கொழந்தைங்க பயப்படுதாம். ரெண்டுக்கும் காதுகுத்துக்கு மாமன் முறையில நின்னவன் நான். ஒரே ஒரு தடவை வந்துட்டுப் போனா, ஒரு குடும்பத்தோட மனசையே கெடுத்துட்டுப் போயிட்டா. அதுக்குத்தான் சொல்றேன், சாக்கிரதையா இருங்கன்னு. உங்ககிட்டயும் நல்லாத்தான் பேசுவா. சார் சார்னுதான் பேசுவா.

என்ன கேட்டீங்க?

பஸ்ஸு சத்தத்துல கேக்கல, சத்தமாச் சொல்லுங்க.

அவ போனதுக்கப்பறம் நான் பேட்டரியை மாத்தியிருக்கலாமேன்னா?

ஏனுங்க, மேட்டுப்பாளையத்துல இருந்து இவ்வளவு நேரம் நான் யாருகிட்டப் பேசிட்டு வர்றேன்? டெஸ்ட்டு ஆச்சு, கையெழுத்து ஆச்சு, மெசின் ஓடுச்சுன்னு சொன்னனா இல்லையா? எல்லாரும் இதையே கேக்கறீங்க. கமிட்டியில கேட்டான், வக்கீலு கேட்டான், என் பொண்ணு கேட்டா, போன வாரம் சலூன்ல முடி வெட்டறவன் கேக்கறான். இப்ப நீங்க. அவகிட்டப் போன்ல பேசிட்டுத்தான் பஸ் ஏறுனீங்களா? உண்மையைச் சொல்லுங்க, பேசியிருக்கீங்க. இல்லாட்டி அதே வார்த்தை எப்படி வரும்?

நல்லாருங்க. நல்லா எடுங்க டெண்டரு. கண்டக்டர், ஈட்டிப்பள்ளம் எறங்கறவரு இங்க ஒருத்தர் இருக்காரு, விசிலைப் போடுங்க. இன்னும் ரெண்டு வளைவு இருந்தாலும் பரவால்ல, அவரு நடந்து போயிக்குவாரு.